மேன்முறையீடும் முதல் 14 நாட்களும்

தீர்ப்பு பாதகமாக அமைந்ததும், "மேலே போவோம்" என்று கூறியபடி நீதிமன்றப் படிகளில் இறங்குவது எம்மவர் மத்தியில் வழமையானதே. ஆயினும், மேலே போவதற்கான முதற்படி கொழும்பில் இல்லை. தீர்ப்பு வழங்கிய அதே நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகத்திலேயே இருக்கின்றது. இதனைப் பலர் காலம் கடந்த பின்னரே அறிகின்றனர்.

காணி வழக்கொன்றில் மாவட்ட நீதிமன்றம் இறுதித் தீர்ப்பை வழங்கிவிட்டதாகக் கொள்வோம். தோற்றவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலை அந்நீதிமன்றத்திலேயே சமர்ப்பிக்க வேண்டும். தீர்ப்பு நாள், சமர்ப்பிக்கும் நாள், ஞாயிறு, பொது விடுமுறை ஆகியன இக்கணக்கில் சேரா. அடுத்து, தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் அங்கேயே தாக்கல் செய்யப்பட வேண்டும். விடுமுறை நாட்களைக் கழிக்கும் சலுகை இங்கு இல்லை. அறிவித்தல் கொடுத்த நாளிலிருந்து 60 நாட்களை எண்ணுவதும் தவறு. தவறிய காலத்துக்கு மன்னிப்புக் கோரச் சட்டத்தில் வழியுண்டு எனினும், தமது கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தாலேயே தாமதம் நேர்ந்தது என்பதை மனுதாரர் காட்டியாக வேண்டும். அது எளிதன்று.

குற்றவியல் வழக்குகளில் மேன்முறையீட்டுக்கு 14 நாட்களே உண்டு. மேன்முறையீடு செய்த மாத்திரத்தில் சிறைக் கதவு தானாகத் திறந்துவிடுவதுமில்லை; பிணை கோரிப் பெறவேண்டும். குடியியல் வழக்கில் வென்றவரும், மேன்முறையீடு நிலுவையிலிருக்கும்போதே தீர்ப்பை நிறைவேற்றித் தருமாறு கேட்கலாம்.

ஒரு காலத்தில் இலங்கையரின் இறுதி மேன்முறையீடு இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கே சென்றது. 1971 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின் பின்னர், நீதவான் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எதிரான மேன்முறையீட்டை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்கின்றது. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்ற மேன்முறையீடுகளையும் அங்கு கொண்டுவந்தது. மேல் நீதிமன்றம் விசாரித்துத் தண்டனை வழங்கிய வழக்குகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் செல்லும். அதற்கும் மேலான உயர் நீதிமன்றத்தை நாடப் பெரும்பாலும் அனுமதி பெற வேண்டும். முக்கிய சட்டக் கேள்வி எழாவிடின் அனுமதி கிடைப்பது அரிது.

மேன்முறையீடு மறுவிசாரணை அன்று என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். நீதியரசர்கள் சாட்சிகளை மீண்டும் அழைத்துக் கேட்பது மிக அரிது, வழக்கேட்டையே வாசிக்கின்றனர். கீழ் நீதிமன்றத்தில் கேட்கத் தவறிய குறுக்குக் கேள்வியை மேலே கேட்க முடியாது. கீழ் நீதிமன்றம் தவறிழைத்திருப்பது மாத்திரம் போதாது. அத்தவறு ஒரு தரப்பின் கணிசமான உரிமையைப் பாதித்ததாகவோ, நீதி தவற வைத்ததாகவோ இல்லாவிடின் தீர்ப்பை மாற்றலாகாது என அரசியலமைப்பின் 138 ஆவது உறுப்புரை கூறுகின்றது.

வழக்கேட்டையே நம்பி நிற்கும் இம்முறையில் வடக்கு, கிழக்கு மக்களுக்கு மொழியும் ஒரு சிக்கலாகின்றது. அங்கு வழக்குகள் தமிழில் நடைபெறுகின்றன. மேன்முறையீட்டை விசாரிக்கும் நீதிமன்றத்தின் மொழி வேறாயின், அம்மொழியிலும் வழக்கேடு தயாரிக்கப்பட வேண்டும் என 24 ஆவது உறுப்புரை விதிக்கின்றது. "உறுதி", "ஆட்சி", "அனுபவம்" போன்ற காணிச் சொற்களில் ஒன்று மொழிபெயர்ப்பில் பிறழ்ந்தாலும், வழக்காளி சொன்னது ஒன்றாகவும் நீதியரசர் வாசிப்பது வேறொன்றாகவும் ஆகிவிடும். எனவே மொழிபெயர்த்த ஏட்டைத் தமிழ் மூலத்துடன் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்குமாறு வழக்காளி தமது சட்டத்தரணியைக் கேட்டுக்கொள்வது நன்று. அதற்குத் தேவையான அத்தாட்சிப்படுத்திய பிரதிக்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே விண்ணப்பித்துவிடலாம்.