ஹெர்னியா என்று ஒரு பொய்

2022 மே மாதம் கல்லூரிக்கு நான் எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் ‘ஹெர்னியா அறுவைச் சிகிச்சை’ என்று இருந்தது. அது பொய். எனக்கு ஹெர்னியா இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பின் விரிந்து தொங்கிப்போன வயிற்றைச் சரிசெய்ய நான் டம்மி டக் செய்துகொண்டேன். அக்கம்பக்கத்தில், சொந்தக்காரர்களிடம், துறைத் தலைவரிடம், எல்லாரிடமும் ஹெர்னியா என்றேன். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. பழங்களோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் வரலாறு நடத்துகிறவள். பெண்களின் உடல் பற்றியும் அதன்மீது அரசும் சாதியும் குடும்பமும் கொள்ளும் அதிகாரம் பற்றியும் வகுப்பில் பேசுகிறவள். அப்படிப்பட்ட எனக்கு ஏன் இந்தப் பொய் தேவைப்பட்டது என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது.

முதலில் வயிற்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு தசைப் பட்டைகள் ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் சவ்வு கர்ப்பத்தில் விரிகிறது. பிள்ளை பிறந்து சில மாதங்களில் பலருக்கு அது பெருமளவு கூடிவிடும். சிலருக்குக் கூடாது. எனக்கு இரண்டாவது சிசேரியன் முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் தொப்புளுக்கு மேல் நான்கு விரல் உள்ளே போனது. எட்டு மாதம் பிசியோதெரபி செய்தேன். இடைவெளி கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒரு மணி நேரம் நின்று பாடம் நடத்தினால் முதுகு ஒடிந்துவிடும். தையல் தழும்பின் மேல் மடிந்து விழும் தோலுக்கு அடியில், வேலூர் வெயிலில், வேர்வை ஊறி வருடத்தில் ஆறு மாதம் புண். வாணியம்பாடி பஸ்ஸில் “எத்தனை மாசம்மா?” என்று கேட்டு எழுந்து இடம் கொடுப்பார்கள். நானும் உட்கார்ந்துகொள்வேன்.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். சிறுவயதில் ஒருமுறை தோலை விரித்துப் போட்டுக் காட்டினார். முதுகுப் பக்கம் நார் நெருக்கமாக இருக்கும், ஷூவின் முன்பாகத்தை அங்கேதான் வெட்டுவார்கள். வயிற்றுப் பக்கம் தளர்வு. அதிலிருந்து நாக்கு, உள்ளே மறைந்துபோகிற துண்டுகள். “வயித்துத் தோல இழுத்தா இழுத்த எடத்துலயே நின்னுடும், திரும்பி வராது” என்றார். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ராணிப்பேட்டையிலும் தோலைத் தொட்டுப் பிழைக்கிற எவருக்கும் தெரிந்த விஷயம் அது. பல வருடம் கழித்து, வேலூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் என் வயிற்றை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அதையேதான் ஆங்கிலத்தில் சொன்னார். உடற்பயிற்சி தசையைப் பலப்படுத்தும், தோலைத் திரும்பக் கொண்டுவராது.

முடிவெடுக்க ஒன்றரை ஆண்டு ஆனது. அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: “பெத்து உசுரோட தானே கீற? அப்புறம் இன்னா?” பெண்ணியத் தோழிகள் நாகரிகமாகச் சொன்னார்கள், ஆனால் சொன்னது வேறு விதத்தில் அதே கண்டிப்பு. அழகுச் சந்தைக்கு நீயே போய்க் கழுத்தை நீட்டலாமா? அந்த வாதம் எனக்கும் தெரியும். நவோமி வுல்ஃப் 1990இல் எழுதிய நூலை வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். 1995இல் கேத்தி டேவிஸ் எழுதிய நூலை அப்போதுதான் தேடிப் படித்தேன். அறுவை செய்துகொண்ட பெண்களோடு அவர் பேசிப் பார்த்ததில், பலர் கேட்டது பேரழகை அல்ல. மற்றவர்களைப் போல இருப்பதை. சந்தையையும் மறுக்காமல், அந்தப் பெண்களையும் ஏமாளிகளாக்காமல் அவர் எழுதியிருந்தார். அது எனக்குத் தெம்பு தந்தது. ஆனால் அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. அவள் கேள்விக்கு இந்த ஊரின் வரலாற்றுக்குள்தான் போக வேண்டியிருந்தது.

வேலூரில் நவீன மருத்துவத்தின் கதையே பிரசவ மரணத்தில்தான் தொடங்குகிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடரிடம் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச் சொல்லிக் கேட்டார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்ல. மருத்துவரான அவருடைய அப்பாவை, ஆண் என்பதால், அவர்கள் ஏற்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலையைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. அதுதான் இன்றைய சி.எம்.சி. அந்த நாட்களில் பெற்றவள் பிழைத்தாளா என்பதே கேள்வி. அம்மாவின் “உசுரோட தானே கீற?” அந்தக் காலத்தின் குரல். அதை நான் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் ஐடா பட்டம் வாங்கிய அதே 1899இல், அமெரிக்காவின் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற மருத்துவர், தொங்கும் வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் அறுத்து நீக்கிய அறுவை பற்றி எழுதினார். கெல்லி அழகியல் நிபுணர் அல்லர், மகப்பேறு மற்றும் பெண்நோய் மருத்துவர். இன்று விளம்பரப் பலகைகளில் ‘பியூட்டி’ என்ற சொல்லோடு வருகிற இந்த அறுவையின் வேர்களில் ஒன்று பெண்நோய் வார்டில் இருக்கிறது. பிறகு பல பத்தாண்டுகள் அது மெல்ல மாறியது. 1957இல் வெர்னான் என்பவர், தோலை இழுத்துத் தைத்தாலும் தொப்புளை அதன் காம்போடு விட்டு, புதுத் துளை வழியாக வெளியே எடுக்கும் முறையை விவரித்தார். பிரேசிலின் பிட்டாங்கி 1960களில் தழும்பைக் கீழே, உள்ளாடைக்குள் மறையும்படி கொண்டுபோனார். தழும்பு மறைய மறைய, அறுவையின் பெயரும் மருத்துவத்திலிருந்து அழகுக்கு இடம்பெயர்ந்துவிட்டது.

நம்மிடமும் இந்த வயிற்றுக்கு ஒரு மருத்துவம் இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டில் மருத்துவச்சி பழைய நூல் புடவையைக் கிழித்து வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுவாள். கட்டாவிட்டால் வயிறு விழுந்துவிடும் என்பாள். பிரிந்த தசையை அந்தக் கட்டு ஒட்டவைக்காது. ஆனால் பெற்றவளின் வயிற்றுக்கும் கவனிப்பு தேவை என்ற நினைப்பாவது அதில் இருந்தது. அதை யாரும் அலங்காரம் என்று சொல்லவில்லை.

எது தேவை, எது அலங்காரம் என்ற கோட்டை யார் போடுகிறார்கள்? இதற்கும் வேலூரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1940களின் இறுதியில் பால் பிராண்ட் இங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தத் தொடங்கினார். கை சரியானது. வேலை கிடைக்கவில்லை. உள்வாங்கிய மூக்கும் புருவமில்லாத முகமும் அவர்களைக் காட்டிக் கொடுத்தன. ஆகவே அங்கே மூக்கை உயர்த்தினார்கள். தலைத் தோலிலிருந்து முடியோடு எடுத்துப் புருவம் வைத்தார்கள். தலைமுடி என்பதால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துவிட வேண்டும். புருவம் இல்லாவிட்டால் உயிர் போகாது. ஆனாலும் அதை அலங்காரம் என்று அங்கே ஒதுக்கவில்லை. மனிதர் நடுவே மனிதராக நடமாடுவதும் மருத்துவத்தின் வேலை என்று கொண்டார்கள்.

என் பில்லில் கோடு வேறு இடத்தில் இருந்தது. மொத்தத் தொகைக்குக் கீழே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. மருத்துவ சேவைக்கு வரி கிடையாதே என்று கேட்டேன். விதியைத் தேடிப் படித்தேன். 2017இன் அறிவிக்கையில் மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு உண்டு. ஆனால் முடி நடுதலும் அழகு, பிளாஸ்டிக் அறுவைகளும் அதில் சேராது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் குறைபாடு, காயம், விபத்துப் பாதிப்பு ஆகியவற்றால் கெட்ட உடலமைப்பையோ இயக்கத்தையோ சீராக்குவதாக இருந்தால் மட்டும் விலக்கு. பட்டியலை மூன்று முறை படித்தேன். பிள்ளைப்பேறு அதில் இல்லை. காப்பீட்டு விதியும் விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று எண்ணுகிறது, அல்லது உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து இருக்க வேண்டும் என்கிறது. அங்கேயும் பெற்றவளின் வயிற்றுக்குப் பெயர் இல்லை.

இதே வயிறு அரசுக்குத் தெரியாததல்ல. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு அதை அறுத்தால் அரசு பணம் தருகிறது. சட்டம் அதற்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பும் தருகிறது. 1961இல் பன்னிரண்டு வாரமாக இருந்த பேறுகால விடுப்பு 2017இல், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 26 வாரமானது. பெறுவதற்குக் கணக்கு உண்டு, பெறாமல் நிறுத்துவதற்கும் கணக்கு உண்டு. பெற்றதால் உண்டான சேதத்தைச் சரிசெய்ய வந்தால் அது என் சொந்த ஆசை ஆகிவிடுகிறது. 2018இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை, அழகு அறுவை உட்பட, ஏழைகளுக்கு இலவசமாகத் தொடங்கியபோது, உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் என்று எதிர்ப்பு வந்தது. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் காசு உள்ளவள் செய்தால் விருப்பம், இல்லாதவள் கேட்டால் வீண்செலவு என்றாகும்போது கோடு யார் காலடியில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

சீட்டு எடுத்துப் பணம் கட்டினேன். மூன்றரை மணி நேர அறுவை. பிரிந்த தசையின் உறையை மடித்துத் தைத்து, மிகுந்த தோலை வெட்டி, இடுப்பின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு தையல். மறுநாள் காலையிலேயே நர்ஸ் எழுப்பி நடக்கவிட்டார், காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று. நிமிர முடியாது. தொண்ணூறு வயதுக் கிழவி மாதிரி குனிந்தே நடந்தேன், பத்து நாள். வயிற்றின் இரு பக்கமும் குழாய், முனையில் சின்னக் குப்பி. தினமும் எவ்வளவு நீர் வடிந்தது என்று நோட்டில் எழுத வேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். முழங்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைத்து மல்லாந்தே தூக்கம். ஐந்தாம் நாள் இரவு, யார் கேட்டார்கள் இதை என்று அழுதேன். நான்கு வயது மகன் கட்டிலோரம் நின்று “எப்பம்மா தூக்குவ?” என்று கேட்டான். ஆறு வாரம் என்றேன். அவன் காலண்டரில் கோடு போட ஆரம்பித்தான்.

தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது என்று நர்ஸ் எச்சரித்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் சூடும் காயமும் அவற்றைத் தின்கின்றன என்று பிராண்ட் கண்டுகொண்டது நினைவுக்கு வந்தது. சில மாதங்களில் உணர்ச்சி கொஞ்சம் திரும்பியது. ஒரு கையளவு இடம் இன்றும் மரத்தே கிடக்கிறது. முதுகுவலி பெரும்பாலும் போய்விட்டது. புண் வருவதில்லை. கண்ணாடியில் பார்க்க எனக்குப் பிடித்தும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நெடுநேரம் யோசித்தேன். வலியை மட்டும் காரணமாகக் காட்டினால் அது ஹெர்னியாவைப் போல இன்னொரு மரியாதையான சாக்கு ஆகியிருக்கும்.

அந்த ஆறு வாரமும் என்னோடு இருந்தது அம்மா. இருபத்திரண்டு வருடம் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தவள். பன்னிரண்டாம் நாள் உடம்பு துடைத்துவிடும்போது தையலை முதன்முதலாகப் பார்த்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல் படாமல் கண்ணாலேயே ஓட்டினாள். “நெளியாமத்தான் தச்சிகீறாங்க” என்றாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், பாயில் படுத்தபடி, “எனக்கும் ஒரு சந்து கீது, பாரு” என்றாள். தலையை மட்டும் கொஞ்சம் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேல் மூன்று விரல் உள்ளே போனது. என் தம்பி பிறந்து அப்போது முப்பத்தைந்து வருடம். மெஷினில் உட்காரும் நாளெல்லாம் பழைய புடவைத் துண்டைப் பாவாடைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முதுகுவலி எல்லாருக்கும் வருவதுதானே என்று இருந்துவிட்டாளாம். தைப்பவர்கள் வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் கட்டிக்கொண்டு வருவார்கள் என்றாள். பீஸ் கணக்கு நிற்காது. ஆறு வாரம் படுக்க அவர்களில் யாருக்கு முடியும்? எனக்குக் கல்லூரி விடுப்பு இருந்தது, சீட்டு இருந்தது, சமைத்துப் போட அம்மா இருந்தாள்.

“இதுக்குப் பேரு இன்னா?” என்று கேட்டாள். டயாஸ்டாசிஸ் என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம் அம்மா பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. “ஹெர்னியா இல்லக்கா. புள்ள பெத்ததுல வயிறு ரெண்டாப் பிரிஞ்சிடுது. உனக்கும் இருக்கும், உள்ள வா, படுத்துப் பாரு.”