படை நீங்கிப் பள்ளி புகுந்தோர்

போர் ஓய்ந்த நாட்டில் எழும் முதற் கேள்விகளுள் ஒன்று, படைக்கலம் ஏந்தியவர் இனி என்ன தொழில் செய்வார் என்பது. சிலர் கமத்துக்குத் திரும்புவர்; சிலர் வணிகத்தை நாடுவர்; சிலரோ பள்ளிக்கூட வாயிலில் வந்து நிற்பர். இம்மூன்றாம் வகையினரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகின்றோம். இரணைமடுக் குளத்து நீரால் வயல் விளைவிக்கும் வட்டக்கச்சி மக்களாகிய எமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 2009ஆம் ஆண்டுப் போரில் ஊரையே விட்டகன்று, பின்னர் மீண்டு வந்து அடுப்பு மூட்டியவர்கள் நாம்.

பழைய உதாரணம் ஒன்றிலிருந்து தொடங்குவோம். பிரசிய நாட்டு மன்னர் இரண்டாம் பிரெடெரிக், ஏழாண்டுப் போர் முடிந்த 1763ஆம் ஆண்டிலேயே, நாட்டுப்புறப் பிள்ளைகள் யாவரும் பள்ளி செல்ல வேண்டுமென்று சட்டம் விதித்தார். சட்டம் வந்தது, தக்க ஆசிரியர் வந்தாரில்லை. தையற்காரர் முதலிய கைத்தொழிலாளரே பல கிராமங்களில் சட்டம்பியாராகவும் இருந்தனர். 1779ஆம் ஆண்டில் மன்னர், எழுத்தும் வாசிப்பும் கணக்கும் அறிந்த ஊனமுற்ற படைவீரரைக் கிராமப் பள்ளிகளில் அமர்த்துமாறு கட்டளையிட்டார். வீரனுக்குப் பிழைப்பு, திறைசேரிக்குச் சிக்கனம் என்பதே கணக்கு. பிள்ளையின் நன்மை அக்கணக்கில் பின்வரிசையிலேயே நின்றது. தகுதியுடையோரும் மிகச் சிலரே அகப்பட்டனர்.

இதற்கு மாறான வழியொன்றைப் பிரித்தானியா இரண்டாம் உலகப் போரின் முடிவிற் கைக்கொண்டது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, பிள்ளைகள் பள்ளியை விட்டு நீங்கும் வயது 1947இல் 14இலிருந்து 15ஆக உயர்ந்தது. ஆசிரியர் தேவை பெருகிற்று. படையினின்று நீங்கிய ஆடவர் பெண்டிர் பலர் வேலை தேடி நின்றனர். அரசு அவர்களை நேரே வகுப்பறைக்கு அனுப்பிவிடவில்லை. பட்டம் உண்டா என்று மட்டும் பாராது, நேரிற் கண்டு பேசித் தெரிந்தெடுத்தது. பழைய மாளிகைகளிலும் விடுதிகளிலும் தற்காலிகக் கல்லூரிகள் அமைத்து, ஏறத்தாழ ஓராண்டு பயிற்சி அளித்தது. பணி ஏற்ற பின்னரும் இரண்டாண்டு தகுதிகாண் காலம் வைத்தது. 1951ஆம் ஆண்டில் இத்திட்டம் முடிவுற்றபோது ஏறத்தாழ 35,000 ஆசிரியர் இவ்வழியாக வந்திருந்தனர். ஓராண்டுப் பயிற்சி போதுமா என்று அந்நாளிற் குறை கூறியோரும் உண்டு. எனினும், பிரசியாவிற் பிழைப்பாகக் கொடுக்கப்பட்ட பதவி இங்கே கற்றுப் பெறும் தொழிலாயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

அங்ஙனமாயின் பயிற்சி ஒன்றே போதுமோ? இங்கே விற்கென்ஸ்ரைன் என்னும் தத்துவ அறிஞரின் கதையை நினைவுகூர்தல் தகும். வியன்னாவின் பெருஞ்செல்வர் குடும்பத்திற் பிறந்த அவர், 1914இல் ஒஸ்திரியப் படையில் தாமாகவே சேர்ந்து, முன்னரங்கிற் போரிட்டு விருதுகள் பெற்றார். 1918இல் இத்தாலியரிடம் சிறைப்பட்டு, 1919இல் வீடு திரும்பினார். தம் பங்குச் செல்வத்தை உடன்பிறந்தாருக்கு ஈந்துவிட்டு, ஆசிரிய கலாசாலையிற் சேர்ந்தார். 1920 முதல் மலைநாட்டுக் கிராமப் பள்ளிகளிற் கற்பித்தார். பூனையின் எலும்புகளைக் கோத்துப் பிள்ளைகளுக்கு உடலமைப்பை விளக்கினார். அவர்களை வியன்னாவுக்கு அழைத்துச் சென்று கட்டடங்களையும் இயந்திரங்களையும் காட்டினார். அவர்களுக்கென ஒரு சொல்லகராதியும் ஆக்கினார். இத்துணை அரிய ஆசிரியர் 1926ஆம் ஆண்டில் ஒரு சிறுவனை அடித்தார். சிறுவன் மயங்கி வீழ்ந்தான். அவர் பதவி விலகினார். பத்தாண்டு கழித்து அதே மலைக்கிராமத்துக்குச் சென்று, தாம் அடித்த பழைய மாணாக்கரிடம் மன்னிப்புக் கேட்டார். அறிவும் பயிற்சியும் ஈகையும் உடையவரிடத்தும் சினம் ஒரு கணத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டது.

நிற்க. எமது மண்ணுக்கு வருவோம். போரின் முடிவில் ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களினூடாக வீடு திரும்பினர். பின்வந்த ஆண்டுகளில், அந்நாளிற் பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பண்ணை வேலைக்கும் முன்பள்ளி ஆசிரியப் பணிக்கும் ஊரவரைச் சேர்த்தது. முன்னாள் போராளிகள் பலரும் அத்திணைக்களத்தில் வேலை பெற்றனர். ஏனைய முன்பள்ளி ஆசிரியருக்குக் கிடைத்த சிறு தொகையினும் அச்சம்பளம் பெரிது. வறுமையுற்ற வீட்டில் உலை கொதித்ததை நாம் குறைத்துரைக்க மாட்டோம். ஆயின் மழலைகளின் பள்ளி பாதுகாப்பு அமைச்சின் நிழலில் நிற்றல் தகுமோ என்று பெற்றோரும் மாகாண சபையினரும் எழுப்பிய வினா நியாயமானதே. ஏடு தொடக்கும் பள்ளிக்குக் கல்வித் துறையே தாயகம்.

போர் கண்டவர் பள்ளிக்கு வேண்டாதவர் என்பது எமது கருத்தன்று. நேரந் தவறாமை, பசி பொறுத்தல், போரின் விலை இன்னதென்று நெஞ்சறிய உணர்தல் ஆகிய இவற்றை நூல் கற்பிக்காது. போர் இனிது என்று பிள்ளைக்குச் சொல்ல அவர்க்கு நா எழாது. ஆனால் கட்டளை வேறு, கற்பித்தல் வேறு. கட்டளை கேட்டவன் உடனே பணிவான், பிள்ளையோ ‘ஏன்?’ என்று கேட்கும். அக்கேள்வியைப் பொறுத்திருந்து கேட்பவரே ஆசிரியர். பாடசாலைகளில் உடற்றண்டனை கூடாதென 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சுச் சுற்றறிக்கை விடுத்துள்ளது. எனினும் பூவரசந்தடி இன்னும் எத்தனை மேசைகளிற் கிடக்கின்றது என்பதை நம்மவர் அறிவர்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. ஆசிரியராக விரும்பும் முன்னாள் போராளிக்குச் சம்பளத்தோடு கூடிய முறையான பயிற்சி வேண்டும். முதலாண்டுகளில் அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் துணை வேண்டும். ஊரவராகிய நாம் அவரது பழைய வாழ்வைச் சுட்டிப் பேசாத பெருந்தன்மை வேண்டும். முதலிரண்டும் அரசின் கடன். மூன்றாவது எமது கடன். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் வரவேண்டியதில்லை.