பாய்மரத்து உச்சிக்கு ஏறும் கேபிள்

வந்தாறுமூலையில் என்னோடு ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர் இன்று அவுஸ்திரேலியாவில் வாழ்கிறார். சிறிய பாய்மரப் படகொன்று வாங்கியிருக்கிறார். சென்ற வாரம் எழுதியிருந்தார்: "மச்சான், படகுக்கு ரேடியோ வாங்கியாச்சு. அன்ரெனாவுக்குக் கேபிள் கேட்டால் கடைக்காரன் மலிவு ஒன்றும் காட்டுறான், மூன்று மடங்கு விலையில் ஒன்றும் காட்டுறான். நீ மீன்பிடித் துறைகளைப் பற்றி எழுதினவன்தானே, எதை வாங்க?"

பதில் எழுத அமர்ந்தபோதுதான், இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு இருப்பது நினைவுக்கு வந்தது.

எங்கள் சிறுபராயத்தில் அன்ரெனா என்றால் இரு தென்னைகளுக்கிடையே இழுத்துக் கட்டிய செப்புக் கம்பிதான். கப்பல்களிலும் தொடக்கத்தில் அதுவே வழக்கம். 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக்கின் இரு பாய்மரங்களுக்கிடையேயும் அத்தகைய கம்பிகளே கட்டப்பட்டிருந்தன. அவற்றின் வழியே சென்ற அபயக் குரலைக் கேட்டு வந்த கார்ப்பேத்தியா கப்பல் எழுநூறுக்கும் அதிகமானோரைக் காப்பாற்றியது. அதன் விளைவாக, கடலில் உயிர்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச உடன்படிக்கை 1914 இல் இலண்டனில் உருவானது.

இலங்கைக்கும் வானொலி ஒரு வகையில் கடலிலிருந்தே வந்தது எனலாம். 1923 இல் எட்வேர்ட் ஹார்ப்பர் கொழும்பில் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகள் பயன்பட்டன. முறையான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது.

ஆயினும் கருவி இருந்தால் மட்டும் போதுமா? எங்கள் மட்டக்களப்புக் கடலே இதற்கு ஒரு சாட்சி. 1942 ஏப்ரல் 9 அன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸ், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாத நிலையில் இக்கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையானது. 307 பேர் மாண்டனர். வீற்றா என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரை மீட்டது. கம்பியில்லாத் தந்தி வசதிக்குக் குறைவில்லாத போர்க்கப்பல்தான் அது. எனினும் பாதுகாப்பு விமானங்கள் வந்தபோது கப்பல் கடலடிக்குச் சென்றுவிட்டிருந்தது. செய்தி உரியவரை உரிய வேளையில் சேராவிட்டால் கருவியின் பெருமையால் ஆவது ஒன்றுமில்லை.

நண்பரின் கேபிளுக்கு வருகிறேன். கருவி படகின் உள்ளே இருக்கும். அன்ரெனா பாய்மர உச்சியில் இருக்கும். திறந்த கம்பி வழியே மின்னலையைக் கொண்டுபோனால் அருகிலுள்ள உலோகம் யாவும் அதைக் குழப்பும். நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிக் காப்புப் பொருள், அதற்கு மேல் செப்புப் பின்னல் என்று அமைத்தால் அலை உள்ளேயே அடங்கிச் செல்லும். அமெரிக்காவின் எஸ்பென்ஷீட், அஃபெல் ஆகிய இருவரும் 1929 இல் நவீன கோ-அக்சியல் கேபிளுக்கு உரிமம் கோரினர். 1931 இல் அது கிடைத்தது. 1933 இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்ட பொலிஎதிலீன் நல்ல காப்புப் பொருளாக வாய்த்தது. இரண்டாம் உலகப் போரில் ராடார் கருவிகளுக்காகவே இவ்வகைக் கேபிள்கள் பெருகின. ஆர்.ஜி. 58, ஆர்.ஜி. 213 என்று கடைகளில் இன்றும் வழங்கும் பெயர்கள் அமெரிக்க இராணுவம் இட்டவை.

இவற்றுள் எது? கடல் வி.எச்.எப். வானொலியின் உச்ச வலு 25 வாட். அபாய அழைப்புக்குரிய 16 ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேட்ஸில் உள்ளது. இருபது மீற்றர் நீளமான மெல்லிய ஆர்.ஜி. 58 கேபிளில் 25 வாட் புறப்பட்டால், உச்சியைச் சேர்வது சுமார் 10 வாட்தான். மீதி கேபிளிலேயே வெப்பமாகிவிடும். தடித்த ஆர்.ஜி. 213 ஆயின் 16 வாட்டுக்கு மேல் சேரும். கேட்கும்போதும் இதே இழப்பு உண்டு. எனினும் உயரத்தைக் கைவிடலாகாது. வி.எச்.எப். அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. 2 மீற்றர் உயரத்தில் உள்ள அன்ரெனாவுக்கு வானொலித் தொடுவானம் 6 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 15 மீற்றர் உயரத்தில் அது 16 கிலோமீற்றர். எனவே உச்சிக்கே ஏற்றுங்கள்; எடையைப் பாய்மரம் தாங்குமாயின் தடித்த கேபிளையே வாங்குங்கள். வீட்டுத் தொலைக்காட்சிக் கேபிள் 75 ஓம். கடல் வானொலி கேட்பது 50 ஓம். மிச்சம் பிடிப்பதாக எண்ணி அதைப் பூட்ட வேண்டாம்.

பூட்டும் முறையே பாதி வெற்றி. வெள்ளீயம் பூசிய செப்பாக இருக்கட்டும். இணைப்பை நன்றாகப் பற்றவைத்து, தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவைச் சுற்றுங்கள். கூர்மையாக வளைக்க வேண்டாம். தட்டுக்குள் நுழையுமுன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இதை நான் படித்தது புத்தகத்தில் அன்று. பல ஆண்டுகளுக்கு முன் வாழைச்சேனையில் ஒரு படகின் வானொலி ஊமையாகிவிட்டது. கருவி பழுது என்றே எல்லோரும் எண்ணினர். திருத்துநர் கருவியைத் தொடவேயில்லை. பாய்மர உச்சியிலிருந்த இணைப்பைக் கழற்றிக் கேபிளை ஒரு முழம் வெட்டினார். உள்ளே செப்பு கறுத்துப் பச்சை பூத்திருந்தது. இன்னொரு முழம் வெட்டினார்; அங்கும் அப்படியே. உப்புநீர் பின்னலுக்குள் ஊறி இறங்கியிருந்தது. "இதோடயா தம்பி மூன்று மாதம் ஆழ்கடலுக்குப் போய் வந்தன்" என்று படகுக்காரர் தலையில் கைவைத்தார். அந்த மூன்று மாதமும் காற்று அவருக்கு இரங்கியிருந்தது, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் காற்று இரங்குவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஓகிப் புயல் கன்னியாகுமரிக் கடலைப் புரட்டியபோது, ஆழ்கடலிலிருந்த பல படகுகளுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. எத்தனையோ குடும்பங்கள் கரையில் காத்திருந்து ஏமாந்தன. அங்கே தடையாக நின்றது தூரம், கேபிள் அன்று. ஆனால் நம் கையில் இல்லாத தூரத்தோடு, நம் கையில் உள்ள கேபிளின் பழுதையும் சேர்ப்பானேன்?

நண்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. "விலை கூடியதை வாங்கு மச்சான். ஆண்டுக்கொரு முறை உச்சியில் ஏறி இணைப்பைப் பார்" என்று மட்டுமே எழுதினேன். மற்றதை உங்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.