எண்ணுப் பெயர்களும் நம் இளஞ்சிறாரும்

புனே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் கணக்குப் பாடத்தைப் பற்றிய கவலை இல்லாத வீடு அரிது. தேர்வு நெருங்கும் காலத்தில் காலனியின் எந்தக் கதவைத் தட்டினாலும், "மற்றப் பாடங்களில் பிள்ளை தேறிவிடுவான், கணக்கு ஒன்றுதான் அச்சமாயிருக்கிறது" என்னும் சொல்லே காதில் விழுகின்றது. இவ்வச்சத்தின் வேர்களுள் ஒன்றைக் களைய எண்ணி, நம் நகரிலேயே 2019ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் ஒரு சீர்திருத்தத்தைச் செய்தனர். அது பெரும் பூசலையும் எழுப்பிற்று. அவ்வரலாற்றை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதும், அதனின்று தமிழராகிய நாம் கொள்ளத்தக்கது யாதெனக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணிதத்துக்குப் புனே புதிய ஊர் அன்று. 1880இல் இங்கே நியூ இங்கிலீஷ் பள்ளி தொடங்கப்பெற்றபோது அதில் கணிதம் கற்பித்தவர் லோகமான்ய திலகர். 1885இல் தோன்றிய பெர்குசன் கல்லூரியில் பயின்ற பராஞ்சபே என்பார், 1899இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதத் தேர்வில் முதலிடம் எய்திய முதல் இந்தியராய்ப் புகழ்பெற்று, பின்னர் அதே கல்லூரியின் முதல்வராய் விளங்கினார். அங்குப் பயின்ற மற்றொருவரான கப்ரேகர், தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராயிருந்துகொண்டே 6174 என்னும் எண்ணின் வியத்தகு இயல்பைக் கண்டறிந்தார். இத்தகைய ஊரில் எழுந்த பூசல் அறியாமையால் எழுந்ததென்று எவரும் தள்ளிவிட இயலாது.

மகாராஷ்டிர மாநிலத்துப் பள்ளிப் பாடநூல்களை ஆக்கும் 'பாலபாரதி' நிறுவனம் 1967இல் அமைக்கப்பெற்றது. சேனாபதி பாபட் சாலை வழியே செல்வோர் அதனை அறிவர். அந்நிறுவனம் 2019இல் வெளியிட்ட இரண்டாம் வகுப்புக் கணித நூலில், 21 முதல் 99 வரையுள்ள எண்களுக்குப் பழைய பெயர்களோடு புதுமுறைப் பெயர்களும் இடம்பெற்றன. 21 என்பது மராத்தியில் 'ஏக்வீஸ்'; அதாவது ஒன்றும் இருபதும். புதுமுறையில் அது 'வீஸ் ஏக்' ஆயிற்று; அதாவது இருபதும் ஒன்றும்.

மராத்தி எண்ணுப் பெயர்களின் அமைப்பை அறிந்தாலன்றி இம்மாற்றத்தின் காரணம் விளங்காது. அம்மொழியில் ஒன்றின் இலக்கம் முதலிலும், பத்தின் இலக்கம் பின்னரும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ பத்தின் இலக்கமே முதலில் வருகின்றது. மேலும் இரண்டு என்பதற்கு 'தோன்' என்பது பெயராயினும், 22 'பாவீஸ்' என்றும், 42 'பேசாளீஸ்' என்றும், 72 'பஹாத்தர்' என்றும் வழங்குகின்றன. அவற்றுள் 'தோன்' எங்கும் இல்லை. 29 'ஏகோண்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு. இவ்வாறே 39, 49 முதல் 89 வரை செல்லும் முறை, 99இல் வந்து மாறிவிடுகின்றது. ஆறேழு வயதுக் குழந்தை இவையனைத்தையும் ஒவ்வொன்றாய் நெட்டுருச் செய்தல் வேண்டும்.

இதன் இடர்ப்பாட்டை நாமே நுகர்ந்திருக்கிறோம். இவ்வூருக்கு வந்த புதிதில் ஒருநாள், மூட்டைகளின் எண்ணிக்கையை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல நாம் எழுதிக்கொண்டு வந்தோம். அவர் 'பஸ்தீஸ்' என்றார். முப்பத்தைந்து என்பது அதன் பொருள். ஐந்தின் ஒலி முன்னே கேட்டமையால் ஐந்தை முன்னே எழுதி 53 ஆக்கிவிட்டோம். மாலையில் கணக்கு நேராகவில்லை. இல்லாத 18 மூட்டைகளை இரண்டு மணி நேரம் தேடினோம். மூத்த எழுத்தர் ஒருவர் வந்து, 18 என்பது ஒன்பதால் மீதமின்றி வகுபடுவதைக் காட்டி, இலக்கம் இடம் மாறியிருக்குமென்று நொடியில் சொல்லிவிட்டார். இரண்டிலக்க எண்ணில் இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வேறுபாடு என்றும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். வளர்ந்த நாமே இவ்வாறு இடறினோம் எனின், குழந்தை இடறுதல் வியப்பாகுமோ?

அந்நூலை ஆக்கிய கணிதக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் புனேயில் வாழ்ந்த கணித அறிஞர் மங்களா நார்லிகர் அம்மையார். எண்ணியல் ஆராய்ச்சியில் பட்டம் பெற்ற அவர், எளிய மக்களின் குழந்தைகளுக்குக் கணக்குக் கற்பித்த பழக்கமும் உடையவர். கூட்டெழுத்துகள் நிறைந்த பெயர்களும் தலைகீழாய் ஒலிக்கும் முறையும் குழந்தைகளைக் குழப்புகின்றன. குழப்பம் அச்சமாகி, அச்சம் வெறுப்பாகின்றது என்பது அவருடைய கருத்தின் சாரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய தென்மொழிகளில் பத்தின் இலக்கமே முன்னே வருவதை அவர் சான்றாக எடுத்துக்காட்டினார். நாம் நாள்தோறும் நினையாமலே சொல்லும் 'இருபத்தொன்று' என்னும் சொல், அண்டை மாநிலத்துப் பாடநூல் சீர்திருத்தத்துக்கு எடுத்துக்காட்டாய் நின்றது! அவ்வம்மையார் 2023 ஜூலையில் இவ்வூரிலேயே மறைந்தார்.

எதிர்ப்புக் கடுமையாயிருந்தது. சட்டமன்றத்திலும் செய்தித்தாள்களிலும் புதுப்பெயர்கள் எள்ளி நகையாடப்பெற்றன. எனினும் எதிர்த்தோர் கூற்றிலும் பொருள் இல்லாமல் இல்லை. எண்ணுப் பெயர் மொழியின் உடைமை. சந்தையிலும் பேருந்திலும் 'ஏக்வீஸ்' என்றே வழங்குகையில், 'வீஸ் ஏக்' என்று கற்ற குழந்தை அங்கே திகைக்குமன்றோ? இரண்டு முறைகளையும் கற்பது இரட்டைச் சுமையாகாதோ? என்று அவர்கள் கேட்டனர். நம் தமிழ் எண்ணுப் பெயர்களை ஒருவர் மாற்ற முற்பட்டால் நாம் வாளா இருப்போமா என்பதை நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதற்கு விடை காண, முன்பு நிகழ்ந்த மாற்றங்கள் சிலவற்றை நோக்குவோம். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதினர். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி என்பது 80இல் ஒரு பங்கு. மா என்பது 20இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் அவர்கள் மனக்கணக்காய்ப் பெருக்கினர். மராத்தியரும் அவ்வாறே 'பாவ்கீ, நிம்கீ, பாவுண்கீ' எனக் கால், அரை, முக்கால் வாய்பாடுகளை ஓதினர். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பைசல்லி, மணங்குக்கு 40 சேர் என்றிருந்த காலத்தில் இவை பிழைப்புக்கு இன்றியமையாதவை. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1958 முதல் கிலோகிராம் படிப்படியாய் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வாய்பாடுகள் பள்ளியை விட்டு நீங்கின. நாணயமும் எடைக்கல்லும் அரசின் கையில் இருந்தமையால் மாற்றம் விரைந்தது.

நாவில் வாழும் சொல்லையோ அரசாணை அவ்வளவு எளிதாக வெல்வதில்லை. நார்வே நாட்டில் மராத்தியைப் போலவே 'ஒன்றும் இருபதும்' என்று எண்ணி வந்தனர். தொலைபேசி எண்களைச் சொல்லும்போது பிழை மிகுந்தமையால், 1951 ஜூலை முதல் 'இருபத்தொன்று' என்னும் முறையை அந்நாட்டு அரசு நிலைநாட்டிற்று. பள்ளியில் புதுமுறையே கற்பிக்கப்பட்டும், எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அங்குப் பழைய முறையில் எண்ணுவோர் உளர். நம் தமிழிலும் பெரியார் 1935இல் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றுக்கொண்டது 1978இல்தான். இடையே 43 ஆண்டுகள் கழிந்தன. இன்று நம் பிள்ளைகள் அப்புதிய வடிவங்களையே இயல்பாய் எழுதுகின்றனர். ஆதலின், இரண்டு பெயர்களையும் ஒரே நூலில் தந்து, குழந்தை தனக்கு எளியதைப் பற்றி ஏறட்டும் என்று விட்ட புனே அறிஞரின் வழி நடுநிலையான வழி என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இங்கே நாம் தற்பெருமை கொள்ளுதல் ஆகாது. நம் எண்ணுப் பெயர்களிலும் ஒரு கோணல் உண்டு. ஒன்பது பத்துகள் சேர்ந்தது 'தொண்ணூறு'. அதில் நூறு ஒலிக்கின்றது. ஒன்பது நூறுகள் சேர்ந்தது 'தொள்ளாயிரம்'. அதில் ஆயிரம் ஒலிக்கின்றது. தொண்டு என்னும் சொல் ஒன்பதைக் குறித்து வழங்கியதைப் பழந்தமிழ் நூல்களில் காண்கிறோம். அவ்வரலாற்றை அறியாத குழந்தை, தொண்ணூற்றை எழுதுமிடத்துத் தயங்குவது இயல்பே. மேலும், பெயர் எளிதாயிருப்பதனால் மட்டும் கணக்கு வந்துவிடாது. தமிழ்நாட்டு அரசே 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' என்னும் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது இதற்குச் சான்று. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதக் கல்வியை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த இரா. இராமானுஜம். கணக்கைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவதையே தலையாய சிக்கல்களுள் ஒன்றாக அக்குழு எடுத்துரைத்தது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேஹு ரோடிலும் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ எண்ணுகின்றனர். வீட்டில் தமிழ் பேசினும் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்கின்றனர். ஊரிலிருந்து வந்த பாட்டி 'அறுபத்தெட்டு' என்றால் பேரன் விழிக்கின்றான். மராத்திப் பெயரில் தடுமாறும் பிள்ளையை நாமோ 'கணக்கில் மந்தம்' என்று முத்திரையிட்டு விடுகிறோம். அவன் இடறியது மொழியில், கணக்கில் அன்று. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் உணராவிடின், அறிவுள்ள பிள்ளையும் தன்னை அறிவிலி என்றே நம்பத் தொடங்கிவிடுவான். அந்நம்பிக்கையைப் பின்னர் எந்தத் தனிப்பயிற்சியாலும் எளிதில் போக்க இயலாது.

ஆதலின் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடிப்படி ஏறும்போதும், பூத்தொடுக்கும்போதும், அரிசி அளக்கும்போதும் குழந்தையோடு தமிழில் எண்ணுங்கள். 'இருபது, இருபத்தொன்று' என்னும் ஒழுங்கு அதன் மனத்தில் பதிந்தபின், 'ஏக்வீஸ்' என்பதையும் 'டுவென்டி ஒன்' என்பதையும் அதே எண்ணுக்குரிய வேறு பெயர்களாய் அது எளிதில் ஏற்றுக்கொள்ளும். தந்தைமார் மாலை அங்காடிக்குப் பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, மராத்தியில் விலை கேட்டு, தமிழில் கூட்டிச் சொல்லப் பழக்குங்கள். வாழவந்த ஊரின் மொழியும் கைவரும். பெற்ற மொழியும் கைநழுவாது. நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் எழுத்தோடு எண்ணையும் சேர்த்துக் கற்பித்தால் அடுத்த ஆண்டு விழாவில் நம் சிறார் நூறு வரை தமிழில் எண்ணி மேடையேறுவர். அதற்குச் செலவு ஏதுமில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!