பாஸ்தா (வீட்டுச் சமையல்)

பாஸ்தா என்பது கோதுமை ரவையை நீர் விட்டுப் பிசைந்து, பல வடிவங்களில் பிழிந்து உலர்த்தப்படும் இத்தாலிய உணவுப் பொருள் ஆகும். முட்டை சேர்த்துப் பிசைந்து, உலர்த்தாமலே சமைக்கும் வகையும் உண்டு. தமிழகத்தில் நெடுங்காலமாகப் புழங்கும் சேமியா இதற்கு நெருங்கிய உறவு. மதுரைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள திண்டுக்கல், சேமியா உற்பத்திக்குப் பெயர்பெற்றது. அணில் சேமியா இவ்வூரைச் சேர்ந்ததே. எனினும் சேமியா உப்புமாவின் முறையில் அளவு நீரில் வேகவைத்தால் பாஸ்தா ஒட்டிக் குழைந்துவிடும்.

வரலாறு

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இவ்வுணவைக் கொண்டுவந்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்தைப் பற்றியும் எழுதிய அவர் வெனிஸ் திரும்பிய ஆண்டு 1295. ஆனால் சிசிலித் தீவின் திராபியாவில் மாவிழைகள் செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டதை அல்-இத்ரீசி 1154 இலேயே குறித்துள்ளார். 1279 ஆம் ஆண்டின் ஜெனோவா ஆவணம் ஒன்று, இறந்தவர் ஒருவரின் உடைமைகளுள் ஒரு கூடை மக்கரோனியையும் கணக்கிடுகிறது. எனவே இக்கதைக்கு அடிப்படை இல்லை.

கோதுமை

உலர் பாஸ்தாவுக்கு உரியது துரம் என்னும் கடினக் கோதுமை. இத்தாலியில் 1967 ஆம் ஆண்டுச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இக்கோதுமை மத்தியப் பிரதேசத்தில் மிகுதியாக விளைகிறது. மைதாவில் செய்யப்பட்டவை எளிதில் குழைவதால், வாங்கும்போது உறையில் 'துரம் கோதுமை ரவை' என்றுள்ளதா எனப் பார்ப்பது நன்று. நம் சம்பா கோதுமையும் துரமும் நெருங்கிய இனங்கள். சம்பா கோதுமையின் இனத்தை இத்தாலியர் 'ஃபார்ரோ' என்ற பெயரில் சூப்பில் இட்டு உண்கின்றனர்.

சமைக்கும் முறை

சோறு வடிக்கத் தெரிந்தவருக்கு இது புதிதன்று. 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் வேண்டும். நீர் தளதளவெனக் கொதித்த பின்னரே பாஸ்தாவை இட்டுக் கிளறவேண்டும். பலரும் செய்வதுபோல் கொதிநீரில் எண்ணெய் ஊற்றுவது தேவையற்றது. அவ்வெண்ணெய் மேலே படிந்தால் சாறு பாஸ்தாவில் ஒட்டாது. உறையில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு ஒன்றை எடுத்துக் கடித்தால், நடுவில் வெண்புள்ளி சிறிதே தெரியும். அதுவே இறக்கும் பதம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் நீர் சுமார் 93 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால், அங்கு நேரம் கூடுதலாகும்.

வடித்த நீரை முழுதும் கொட்டிவிடக் கூடாது. அது ஒருவகைக் கஞ்சி. அதிலுள்ள மாச்சத்தே எண்ணெயையும் நீரையும் பிரியவிடாமல் சாற்றைக் கெட்டியாக்குகிறது. பாஸ்தாவைக் குளிர்நீரில் அலசினால் மேலுள்ள மாச்சத்து போய்விடும்.

பூண்டும் எண்ணெயும்

தமிழக வீடுகளில் தொடங்குவதற்கு ஏற்றது, பூண்டு, ஆலிவ் எண்ணெய், காய்ந்த மிளகாய் ஆகியவற்றாலான 'ஆலியோ எ ஓலியோ' ஆகும். பூண்டுக்குப் புவிசார் குறியீடு பெற்ற (2019) கொடைக்கானல் மலைப்பூண்டு பொருந்தும். காரம் மிகுதியாதலால் நான்கு பேருக்கு ஐந்தாறு பற்கள் போதும். மெல்லிதாக நறுக்கிய பூண்டை மிதமான தீயில் பொன்னிறத்தின் தொடக்கத்திலேயே நிறுத்தவேண்டும். தாளிப்பதுபோல் சிவக்கவிட்டால் கசக்கும். பின்னர் பாஸ்தாவையும் ஒரு கரண்டி வடிநீரையும் சேர்த்து, ஒரு நிமிடம் விடாமல் புரட்டி, சூடாகவே பரிமாறவேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் சேர்த்தால் சுவையாகவே இருக்கும், ஆனால் அது வேறு உணவு.