மெனலாஸ் கேட்ட சத்தியமும் ஹார்னஸ் ரேஸ் அபராதமும்

ஹார்னஸ் ரேஸ் என்ற பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். ஜாக்கி முதுகில் உட்கார்ந்து ஓட்டுகிற குதிரைப் பந்தயம் இல்லை இது. ஒரு குதிரை, பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஒரு குட்டி வண்டி, அதில் ஒரே ஒரு டிரைவர். வண்டிக்குப் பெயர் சல்கி. நம்ம ஊர் ரேக்ளா வண்டியை இன்னும் இளைக்க வைத்து, எலும்பும் தோலுமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரான்ஸ், ஸ்வீடன் பக்கமெல்லாம் ஓடுகிறார்கள்.

இதில் முக்கியமான கண்டிஷன், குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக்கூடாது. 'ட்ராட்' என்றால் குறுக்குக் கால்கள் ஜோடி சேர்ந்து போகணும். 'பேஸ்' என்றால் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து போகணும். உற்சாகத்தில் குதிரை பாய்ச்சலுக்கு மாறிவிட்டால், டிரைவர் ஒதுங்கி, இழுத்துப் பிடித்து, இடத்தை விட்டுக் கொடுத்து, பழைய நடைக்குக் கொண்டு வர வேண்டும். அதாவது வேகத்தை அடக்கி ஆள்வதுதான் இந்த விளையாட்டே.

எட்டு, பத்து வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் உரசாத குறையாகப் போகும்போது ஒருத்தர் சட்டென்று உள்ளே வெட்டினால் என்ன ஆகும்? முன்னால் ஒரு குதிரை விழுந்தால் பின்னால் வருகிறவருக்கு ஒதுங்க இடமே கிடையாது. அதனால்தான் இந்த விளையாட்டின் சட்டப் புத்தகங்களில் 'கவனக்குறைவாக ஓட்டுவது' ஒரு தனிக் குற்றம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விதிகளில் பார்த்தால் கவனக்குறைவு வேறு, கண்மூடித்தனம் வேறு, திறமைக்குறைவு வேறு, முறைகேடு வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்தால் விசித்திரமாக இல்லை? திருட்டைக் கண்ணால் பார்க்கலாம். கவனக்குறைவை எப்படிப் பார்ப்பது? அது ஓட்டுகிறவன் மண்டைக்குள் இருக்கிற சமாச்சாரம். நடுவருக்குத் தெரிவது விளைவு மட்டும்தான். இந்தச் சிக்கலுக்கு வயசு ஏறக்குறைய 2,700 வருஷம். எனக்குத் தெரிந்து பழைய கேஸ் ஹோமரின் இலியட்டில், 23-ம் காண்டத்தில் இருக்கிறது.

ஐந்து தேர், ஒரு குறுகலான பாதை

டிராய் போரில் பாட்ரோகுலஸ் இறந்து போகிறான். அவன் நினைவாக நண்பன் அக்கிலீஸ் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறான். முதல் ஐட்டம் தேர்ப் பந்தயம். ஐந்து பேர் இறங்குகிறார்கள்: யூமீலஸ், டயோமெடஸ், மெனலாஸ், ஆண்டிலோகஸ், மெரியோனஸ். ஐந்து பேருக்கும் பரிசு உண்டு. இரண்டாம் பரிசு ஆறு வயசுப் பெண் குதிரை, இன்னும் பழக்கப்படாதது, வயிற்றில் கோவேறு கழுதைக் குட்டியோடு. மூன்றாம் பரிசு ஒரு புத்தம் புது கொப்பரை.

ஆண்டிலோகஸ் சின்னப் பையன். இருப்பதிலேயே மெதுவான குதிரைகள் அவனுடையவை. அப்பா நெஸ்டர் கிளம்புவதற்கு முன்னால் நீளமாக ஒரு லெக்சர் கொடுக்கிறார். சாரம் இதுதான்: குதிரை வேகத்தில் ஜெயிக்க முடியாது, புத்தியில்தான் ஜெயிக்கணும். திருப்பத்தில் இருக்கிற கம்பத்தை உரசுகிற மாதிரி திரும்பு, ஆனால் கல்லில் இடித்துவிடாதே.

அக்கிலீஸ் இன்னொரு வேலையும் செய்கிறான். திருப்பத்துக் கம்பத்தின் அருகே வயசான ஃபீனிக்ஸை நிறுத்தி வைக்கிறான். பந்தயம் எப்படிப் போனது என்று பார்த்து, நினைவில் வைத்துக்கொண்டு, வந்து உண்மையைச் சொல்லணும். அவ்வளவுதான் டியூட்டி. இன்றைய பந்தயத் திடல்களில் திருப்பங்களைக் கவனிக்கிற நடுவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் தாத்தா இவர்.

திரும்பி வருகிற வழியில் ஒரு இடம், மழைத் தண்ணீர் அரித்து ஒடுங்கிப் போய் இருக்கிறது. மெனலாஸ் முன்னால். ஆண்டிலோகஸ் பாதையை விட்டு விலகி, பக்கவாட்டில் தேரை உள்ளே விடுகிறான். மெனலாஸ் கத்துகிறான்: பைத்தியக்காரத்தனமாக ஓட்டாதே, இங்கே குறுகல், கொஞ்ச தூரம் போனால் அகலமாகும், அங்கே முந்திக்கொள், இங்கே இடித்தால் இரண்டு பேருக்கும் நாசம். ஆண்டிலோகஸ் காது கேட்காதவன் மாதிரி இன்னும் சாட்டையை வீசுகிறான். ஒரு வட்டு எறிகிற தூரம் இரண்டு தேரும் சரிசமமாகப் போகின்றன. அப்புறம் மெனலாஸ் தானாகவே குதிரைகளைத் தளர்த்தி விட்டுக் கொடுக்கிறான், மோதல் வேண்டாம் என்று.

நம்ம ஊர் சாலையில் தினமும் நடக்கிற கதைதானே! குறுகலான பாலத்தில் பக்கவாட்டில் நுழைகிறவனுக்கு இருக்கிற ஒரே தைரியம், எதிராளிக்கு நம்மைவிடக் கொஞ்சம் அறிவு இருக்கும், அவன் பிரேக் போடுவான் என்பதுதான்.

விசாரணை

டயோமெடஸ் முதல். ஆண்டிலோகஸ் இரண்டாவது. நூலிழையில் மெனலாஸ் மூன்றாவது. நுகத்தடி உடைந்து தூக்கி எறியப்பட்டு, முழங்கையும் வாயும் மூக்கும் கிழிந்த யூமீலஸ், தேரை இழுத்துக்கொண்டு கடைசியாக வருகிறான்.

அக்கிலீஸ் யூமீலஸைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இரண்டாம் பரிசை அவனுக்குக் கொடுக்கப் பார்க்க, ஆண்டிலோகஸ் சண்டைக்கு வருகிறான். பரிதாபமாக இருந்தால் வேறு ஏதாவது கொடு, என் குதிரையைத் தொடாதே என்கிறான். அக்கிலீஸ் சிரித்துவிட்டு யூமீலஸுக்கு ஒரு மார்க்கவசம் கொடுத்து முடிக்கிறான்.

இப்போதுதான் மெனலாஸ் எழுந்திருக்கிறான். சபையில் பேசுகிறவருக்கான கோலைக் கையில் வாங்கி முறையாகப் புகார் சொல்கிறான். முதலில் தலைவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்கிறான். உடனே, மெனலாஸ் ராஜா வீட்டு ஆள், அதிகாரத்தை வைத்துச் சாதித்துவிட்டான் என்று நாளைக்கு யாரும் பேசக்கூடாது என்று யோசித்து, அவனே வழி சொல்கிறான். ஆண்டிலோகஸ் தன் குதிரைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். ஓட்டும்போது வைத்திருந்த அதே சாட்டையைக் கையில் பிடிக்க வேண்டும். குதிரைகளைத் தொட்டு, பொசைடன் மேல் சத்தியம் செய்ய வேண்டும்: வேண்டுமென்றே சூழ்ச்சி செய்து மெனலாஸின் தேரைத் தடுக்கவில்லை என்று.

நம்ம ஊரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வார்களே, அதேதான்.

ஆண்டிலோகஸால் முடியவில்லை. நான் சின்னவன், இளவயசுப் புத்தி அவசரப்படும், பொறுத்துக்கொள் என்று சொல்லிக் குதிரையைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறான். மெனலாஸ் உருகிப் போய், இது என்னுடையதுதான், ஆனாலும் நீயே வைத்துக்கொள், இனிமேல் பெரியவர்களிடம் இந்த வேலை வேண்டாம் என்று எச்சரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொப்பரையோடு போகிறான். இன்றைய பாஷையில் சொன்னால், குற்றம் நிரூபணம், தண்டனை நிறுத்திவைப்பு :-)

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. ஃபீனிக்ஸை யாருமே கூப்பிடவில்லை! பார்த்துச் சொல்வதற்காகவே நிறுத்தப்பட்ட மனிதர். ஆனால் மெனலாஸ் கேட்கிற கேள்விக்கு ஃபீனிக்ஸால் பதில் சொல்ல முடியாது என்பதையும் கவனிக்கணும். தேர் எங்கே போனது என்று அவர் சொல்லலாம். 'வேண்டுமென்றே செய்தானா' என்று அவர் எப்படிச் சொல்வார்? அது ஆண்டிலோகஸுக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் சத்தியம்.

ஆவியும் சக்கரவர்த்தியும்

ஒலிம்பிக்கில் நாலு குதிரைத் தேர்ப் பந்தயம் கி.மு. 680-ல் சேர்ந்தது. அங்கே நடுவர்களின் ஆட்கள் கையில் பிரம்போடு நிற்பார்கள், விதியை மீறினால் அடி விழும். கி.மு. 420-ல் ஸ்பார்ட்டாவுக்குத் தடை இருந்தபோது, லிகாஸ் என்ற ஸ்பார்ட்டா பெரும்புள்ளி, ஜெயித்த தேர் தன்னுடையதுதான் என்று காட்ட மைதானத்தில் இறங்கித் தன் தேரோட்டிக்கு மாலை சூட்டினார். அவருக்கும் அடி விழுந்தது. பணக்காரர் என்று பார்க்கவில்லை.

அதே ஒலிம்பியா திடலில் ஒரு இடத்தில் குதிரைகள் காரணமே இல்லாமல் மிரண்டு தேர்கள் நொறுங்குமாம். 'குதிரை மிரட்டி' என்ற பொருளில் டராக்சிப்பஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். யாரோ ஒருவரின் ஆவி என்று பலி கொடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். இதை எழுதி வைத்தவர் கி.பி. 2-ம் நூற்றாண்டுப் பயணி பாசனியஸ். ஓட்டுகிறவன் மேலும் பழி இல்லை, மைதானம் கட்டினவன் மேலும் பழி இல்லை, எல்லாம் ஆவி பார்த்துக்கொள்ளும்.

கி.பி. 67-ல் நீரோ வருகிறார். பத்துக் குதிரை பூட்டிய தேரை ஓட்டி, நடுவில் கீழே விழுந்து, தூக்கி ஏற்றிவிட்டும் பந்தயத்தை முடிக்க முடியவில்லை. இருந்தாலும் வெற்றி அவருக்கே! நடுவர்களுக்கு அவர் கொடுத்த 2,50,000 டிராக்மாவை அடுத்து வந்த கால்பா திருப்பிக் கேட்டார். அந்த ஒலிம்பியாட்டையே கணக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். நடுவர் இருந்தால் மட்டும் போதாது, ஓட்டுகிறவனைவிட அவருக்கு அதிகாரம் அதிகமாக இருக்கணும்.

1870-ம் 1946-ம்

இப்போது ஒரு பெரிய தாவல், அமெரிக்காவுக்கு. 19-ம் நூற்றாண்டில் அங்கே ட்ராட்டிங் பந்தயம் பெரிய மோகம். கூடவே தில்லுமுல்லும். ஒரு திடலில் தடை செய்யப்பட்ட டிரைவர், பக்கத்து ஊர்த் திடலில் போய் ஜாலியாக ஓட்டலாம். அங்கே யாருக்குத் தெரியும்? 1870-ல் திடல்காரர்கள் எல்லாம் கூடித் தேசிய அளவில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரு திடலில் விழுந்த தடை உறுப்பினர் திடல்கள் எல்லாவற்றிலும் செல்லும் என்று ஆனது. அப்போதுதான் தண்டனைக்கே பல் முளைத்தது. ஃபீனிக்ஸிடம் அக்கிலீஸ் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னானே, அந்த வேலையைப் பேரேடு செய்ய ஆரம்பித்தது. 1939-ல் வந்த அமெரிக்க ட்ராட்டிங் சங்கம், சிதறிக் கிடந்த அமைப்புகளை ஒன்றாக்கியது.

ஆனாலும் ஸ்டார்ட் ஒரு தலைவலியாகவே இருந்தது. குதிரைகள் ஓடிக்கொண்டே கோட்டுக்கு வரவேண்டும், வரிசை சரியில்லை என்றால் மணியடித்துத் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி, மறுபடி. எதிராளியின் குதிரையைக் களைப்பாக்க வேண்டுமென்றே முந்தி வந்து கெடுக்கிறவர்களும் உண்டு. அபராதம் போட்டுப் பார்த்தும் தீரவில்லை.

1946-ல் நியூயார்க் பக்கம் ரூஸ்வெல்ட் ரேஸ்வேயில், ஸ்டீவ் ஃபிலிப்ஸ் என்ற ஸ்டார்ட்டர் உருவாக்கிய நகரும் கேட் வந்தது. ஒரு கார், அதன் பின்னால் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி விரியும் தடுப்பு. குதிரைகள் அந்தத் தடுப்புக்குப் பின்னால் ஓடி வரும், கோட்டுக்கு வந்ததும் கார் வேகமெடுத்து இறக்கையை மடக்கிக்கொண்டு விலகிவிடும். பல வருஷம் அபராதம் சாதிக்காததை ஒரு கார் சாதித்தது. (ஒலிம்பியாவிலும் கிளியோடஸ் என்பவர் கப்பல் மூக்கு வடிவத்தில் ஒரு ஸ்டார்ட்டிங் கேட் செய்திருந்தார். வெண்கலக் கழுகு மேலே எழும்பும், வெண்கல டால்ஃபின் கீழே இறங்கும். அதுதான் சிக்னல்.)

இதே வழியில்தான் மற்றவையும். சக்கரக் கம்பிகளுக்குள் குதிரைக் கால் மாட்டாமல் இருக்க மூடி போட்டார்கள். உள்பக்கத் தடுப்புக் கம்பியில் இடித்துச் சாகாமல் இருக்க, பெரும்பாலான திடல்களில் அதை எடுத்துவிட்டு வளையும் கம்பங்களை நட்டார்கள். உடனே கம்பத்துக்கு உள்ளே புகுந்து குறுக்கே ஓடுவது என்று புதுசாக ஒரு குற்றம் பிறந்தது! ஒரு பக் சரி செய்தால் இன்னொரு பக் வருவது எங்கள் தொழிலில் மட்டும் இல்லை போல.

கேட்கப்படாத கேள்வி

இன்றைக்கு ஒரு டிரைவர் குறுக்கே வெட்டி இன்னொருவரின் ஓட்டத்தைக் கெடுத்தால், நடுவர்கள் வீடியோவைப் பல கோணத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அவர் குதிரையை, பாதிக்கப்பட்ட குதிரைக்குப் பின்னால் இறக்குவார்கள். மெனலாஸ் கேட்டதும் இதைத்தான். மேற்கொண்டு அபராதம், சில நாள் தடை. வேண்டுமென்றே செய்தாயா என்பது தண்டனையின் அளவுக்கு வேண்டுமானால் உதவும். 'கவனக்குறைவு' என்று தீர்மானிக்க அது தேவையே இல்லை. கவனமான டிரைவர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார், நீ என்ன செய்தாய், அவ்வளவுதான் கணக்கு.

ஆரம்பத்தில் இது எனக்கு அநியாயமாகப் பட்டது. தெரியாமல் செய்தவனுக்குத் தண்டனையா? இப்போது அப்படித் தோன்றவில்லை. பில்லி ஹாட்டன் என்று ஒரு டிரைவர். இந்த விளையாட்டின் மிகப்பெரிய பந்தயமான ஹாம்பிள்டோனியனை நான்கு முறை ஜெயித்தவர். 1986 ஜூலையில் யாங்கர்ஸ் திடலில் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு, சில நாட்களில் இறந்து போனார். யார் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அத்தனை அனுபவசாலிக்கே தரையில் விழ ஒரு நொடிதான் ஆகிறது. பின்னால் வருகிறவனுக்கு, முன்னால் வெட்டினவன் மனசில் என்ன இருந்தது என்பது என்ன வித்தியாசத்தை உண்டாக்கும்?

ஆனால் அந்தப் பழைய கேஸில் கிடைத்த ஒன்று வீடியோவில் கிடைக்காது. எந்த சாட்சியும் இல்லாமல், சாட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்பே ஒரு பையன் ஒத்துக்கொண்டான். அடுத்த முறை குறுகலான பாதை வந்தால் அவன் என்ன செய்வான் என்று மெனலாஸுக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் குதிரையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அபராதம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு போகிற ஒருவரைப் பற்றி நடுவர்களுக்கு அது தெரியுமா? தெரியாது. அதனால்தான் பேரேட்டில் எழுதி வைக்கிறார்கள்.