ஆடுகளத்து அறமும் ஆர்வலர் நெஞ்சமும்

முன்னுரை

தமிழர்தம் விளையாட்டுக்களைப் பற்றி ஆராய்ந்தோர் பலர். ஏறு தழுவுதல், மற்போர், பந்தாடல் முதலியவற்றிற்கு இலக்கியச் சான்றுகள் பலவும் தொகுக்கப்பெற்றுள்ளன. ஆயின் ஆடுவோரை ஆராய்ந்த அளவிற்கு, ஆட்டத்தைச் சூழ நின்று காண்போரை நம் ஆய்வுலகம் ஆராய்ந்திலது. களத்தில் இறங்குவோர் சிலர்; காண்போரோ பலர். அப்பலருடைய நெஞ்சத்திலேதான் ஆட்டம் புகழாகவும் பழியாகவும் நிலைபெறுகின்றது.

தாம் நேசிக்கும் அணியைச் சார்ந்தார் ஒருவர் முறை தவறினார் என்று தெரியவரும்போது ஆர்வலர் நெஞ்சம் யாது செய்கின்றது? அன்பை விடுகின்றதா? அறத்தை விடுகின்றதா? இரண்டையும் விடாமல் இடைவழி ஒன்றைக் காண்கின்றதா? 2013 முதல் 2018 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் அணிக்கு நேர்ந்தவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சேலம், நாமக்கல் சமவெளியில் யாம் கண்டும் கேட்டும் அறிந்தவையும் ஈண்டுத் துணையாகக் கொள்ளப்பெறும்.

நிகழ்ச்சி வரலாறு

இந்தியன் பிரீமியர் லீக் என்னும் தொடர் 2008ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதன் ஆறாம் ஆண்டில், 2013 மே 16 அன்று, இராசத்தான் ராயல்சு அணியின் ஆட்டக்காரர் மூவரைத் தில்லிக் காவல் துறையினர் கைது செய்தனர். முழு ஆட்டத்தின் முடிவையும் விற்றல் ஒரு வகை. குறித்த ஓர் ஓவரில் இத்தனை ஓட்டம் கொடுப்பதாக முன்னரே பேசிக்கொள்ளுதல் மற்றொரு வகை. இம்மூவர்மீது சாட்டப்பெற்றது பின்னதாகும். அவர்களைத் தில்லி விசாரணை நீதிமன்றம் 2015 சூலையில் வழக்கினின்று விடுவித்தது. ஆயினும் கிரிக்கெட் வாரியம் தான் விதித்த தடையை உடனே நீக்கவில்லை. குற்றவியல் சட்டம் வேறு, ஆட்டத்தின் ஒழுங்கு வேறு என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

சென்னை அணியைப் பற்றிய செய்தி இதனின் வேறானது. 2013 மே 24 அன்று குருநாத் மெய்யப்பன் மும்பைக் காவல் துறையினரால் கைது செய்யப்பட்டார். அவர், அந்நாள் கிரிக்கெட் வாரியத் தலைவரும், அணிக்கு உரிமை பூண்ட இந்தியா சிமெண்ட்சு நிறுவனத்தின் தலைமையாளருமான என். சீனிவாசனின் மருமகனாவார். பந்தயம் கட்டியமை அவர்மீது சாட்டப்பெற்ற குற்றம். இரண்டு நாள் கழித்துக் கொல்கத்தாவில் நடைபெற்ற இறுதியாட்டத்தில் சென்னை அணி மும்பை அணியிடம் தோற்றது.

உச்ச நீதிமன்றம் நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. 2015 சனவரி 22 அன்று தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம், தண்டனையின் அளவை உறுதிசெய்ய முன்னாள் தலைமை நீதிபதி ஆர். எம். லோதா தலைமையில் மற்றொரு குழுவை அமைத்தது. அக்குழு 2015 சூலை 14 அன்று சென்னை, இராசத்தான் ஆகிய இரண்டு அணிகளையும் ஈராண்டு விலக்கிவைத்தது. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அவற்றிற்கு மாற்றாகப் புனே, குசராத்து அணிகள் ஆடின. சென்னை அணித் தலைவர் மகேந்திர சிங் தோனி புனேக்குச் சென்றார். சுரேசு ரெய்னா குசராத்துக்குச் சென்றார். சென்னை அணியின் ஆட்டக்காரர் எவரும் இவ்வழக்கில் தண்டனை பெற்றிலர் என்பது கருதத்தக்கது.

'ஆர்வலர்' என்னும் சொல்

இவ்வழக்கின் முடிச்சு ஒரு சொல்லில் இருந்தது என்பதைத் தமிழாய்வாளர் உணர்தல் வேண்டும். மெய்யப்பன் அணியின் அலுவலரா, அல்லரா என்பதே வினா. அலுவலர் எனின் அவர் செயலுக்கு அணி பொறுப்பாகும். அல்லர் எனின் அணிக்குப் பழி இல்லை. அவர் வெறும் கிரிக்கெட் ஆர்வலரே என்னும் விளக்கம் அணியின் தரப்பில் முன்வைக்கப்பட்டது. முத்கல் குழு அதனை ஏற்கவில்லை. அவர் அணியின் அலுவலரே என்றும், அவர் பந்தயம் கட்டியது உண்மையே என்றும் முடிவு கூறிற்று.

ஆர்வலர் என்பது யாருடைய பெயர்? வேலை முடிந்து வந்து, தேநீர்க்கடைத் தொலைக்காட்சியின் முன் நின்று ஆட்டம் காண்கின்ற தறித்தொழிலாளியின் பெயர் அது. வழியிலே லாரியை நிறுத்தி ஓட்டக்கணக்கைக் கேட்கின்ற ஓட்டுநரின் பெயர் அது. ஆட்டத்தினின்று ஒரு காசும் பெறாதார் பூண்ட பெயர், அதனால் பயன் பெற்றார்க்குக் கேடயமாக எடுக்கப்பட்டது. ஆர்வலர் சினந்திருக்க வேண்டியது இவ்விடத்தேயாம். ஆயின் சினந்தார் சிலரே. அதன் காரணத்தை அறியப் பழைய சான்று ஒன்றை நோக்குதல் நன்று.

பண்டைச் சான்று

போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருத செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. அவனைச் சாத்தந்தையார் பாடிய பாடல்கள் 80 முதல் 82 வரையும், பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை 83 முதல் 85 வரையும் அமைந்துள்ளன. இவற்றுள் 85ஆம் பாடல் காண்போரைப் பற்றியது. இவ்வூரும் இந்நாடும் தலைவனுக்கு உரியன அல்ல. ஆதலின் வெற்றி அவனதே என்பார் ஒருசாரார், அன்று என்பார் மற்றொரு சாரார் என்று கூறி, பனைமரத்தைச் சார்ந்து நின்று அவன் வெல்வதைத் தாமே கண்டதாகப் புலவர் முடிக்கின்றார்.

இப்பாடலால் மூன்று செய்திகள் பெறப்படும். ஒன்று, வேற்றூரான் ஒருவனிடத்தும் காண்போர் நெஞ்சம் பற்றுக்கொள்ளும் என்பது. இராஞ்சியில் பிறந்த தோனியைத் தமிழகம் 'தல' என்று அழைத்தமை இதனோடு ஒப்பிடத்தக்கது. இரண்டு, காண்போர் கூட்டம் என்றும் ஒருகுரலாய் இருந்ததில்லை என்பது. மூன்று, பற்றுடைய புலவரும் பிறர் சொல்லைக் கொண்டு முடிவு செய்யாது, சென்று தம் கண்ணாற் கண்டே கூறினார் என்பது. இம்மூன்றாம் பண்பே இன்றைய ஆர்வலர்க்கு அரிதாயிற்று. ஆயின் குறையை அவர்மீது மட்டும் ஏற்றுதல் முறையன்று. மல்லர் போரைப் பனையடியில் நின்றே காணலாம். பந்தயமோ தொலைபேசியில் நிகழ்வது. கண்ணுக்குத் தெரியாத குற்றத்தைக் கண்ணுக்குத் தெரிந்த ஆட்டத்தோடு பொருத்திப் பார்க்க ஆர்வலரால் இயலவில்லை.

இவ்வட்டாரத்து ஆர்வலர்

சேலம், நாமக்கல் சமவெளியில் கிரிக்கெட் வேரூன்றியது பெரிய அரங்குகளில் அன்று; வற்றிய ஏரிகளிலும் அறுவடை முடிந்த காடுகளிலுமே. டென்னிசுப் பந்தே அங்குப் பந்து. பல ஊர்களில் மட்டையாடும் அணியினரே நடுவரைத் தருவர். தம்மவனே நடுவனாக நிற்க, அவன் சொல்லை எதிரணி ஏற்றுக்கொள்வது இவ்வழக்கு. நம்பிக்கை ஒன்றே இதற்கு அடிப்படை. ஊர்ப்போட்டிகளில் மிகப் பெரிய குற்றமாகக் கருதப்பெற்றது வெளியூர் ஆட்டக்காரனை உள்ளூரான் பெயரில் இறக்குதலாகும்.

யாம் இதனைப் பிறர்மேல் வைத்து மட்டும் கூறுதல் நேர்மையாகாது. 1990களின் பிற்பகுதியில், எம் ஊர் அணி இறுதியாட்டம் ஒன்றில் வெளியூர்ப் பந்துவீச்சாளன் ஒருவனை எம்மூரான் பெயரில் இறக்கிற்று. ஏரிக்கரையில் நின்ற எங்கள் அனைவர்க்கும் அது தெரியும். எதிரணியினர் வந்து வினவியபோது எவரும் வாய் திறந்திலர். வென்றபின் யாமும் கைதட்டினோம். கோப்பை தேநீர்க்கடை ஒன்றில் பல்லாண்டு இருந்தது. அதைக் காணுந்தோறும் எமக்கு நினைவில் எழுந்தது வெற்றியன்று, வினவியவர்தம் முகமே. ஆதலின் 2015ஆம் ஆண்டு ஆர்வலர் கூறியவற்றைக் கேட்டபோது, அவை எமக்குப் புதியனவாகத் தோன்றவில்லை.

அக்காலத்து யாம் கேட்டவற்றை மூன்று வகையாகப் பகுக்கலாம். குற்றமே நிகழவில்லை, சென்னையின் வெற்றியைப் பொறாதார் செய்த சூழ்ச்சி இது என்பது ஒன்று. இது மறுப்பு. செய்தவர் ஒருவர், ஆட்டக்காரர் யாது பிழை செய்தனர் என்பது மற்றொன்று. இது பிரிப்பு. இனி ஆட்டமே பார்ப்பதில்லை என்பது மூன்றாவது. இது துறவு. இம்மூன்றனுள் பிரிப்பே பெரும்பாலார் வாயில் வழங்கிற்று. துறவு பூண்டாருள்ளும் பலர் 2018இல் மீண்டனர்.

2000ஆம் ஆண்டு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் இதன் காரணம் விளங்கும். அவ்வாண்டு தென்னாப்பிரிக்க அணித் தலைவர் ஆன்சி குரோனியே தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இந்திய அணியின் முன்னாள் தலைவர் முகமது அசாருதீனுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அத்தடை செல்லாது என 2012இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறிற்று. அன்று பழி சாட்டப்பெற்றோர் ஆட்டக்காரர். ஆதலின் ஆட்டத்தின் மீதே ஐயம் எழுந்தது. 2013இல் சென்னை அணியைப் பொறுத்தவரை பழி சூழ்ந்தது ஆடாதவரை; ஆதலின் அன்பை ஆடுவோர்மேல் வைத்து, பழியை ஆடாதவர்மேல் தள்ள ஆர்வலர்க்கு வழி இருந்தது.

இவ்வட்டாரத்தில் மற்றொரு செய்தியும் அதே 2015ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த த. நடராசன் தமிழக அணிக்காக இரஞ்சிக் கோப்பையில் முதல் ஆட்டம் ஆடியபின், அவர் பந்தெறியும் முறை ஐயத்திற்கு உரியது என அறிவிக்கப்பட்டது. இஃது ஏமாற்றன்று, உடலின் பழக்கம். ஆயினும் விதி விதியே. அவர் விதியைப் பழிக்காது, பயிற்சியாளர் துணையோடு தம் முறையைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2020–21 ஆத்திரேலியச் செலவில் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவிற்காகக் களமிறங்கினார். 2021 சனவரியில் ஊர் திரும்பிய அவரை ஊரார் தேரில் ஏற்றி வரவேற்றனர். ஐயத்தை மறைக்காமல் கடந்து வந்தவர்க்குக் கிடைத்த வரவேற்பு அது.

பொறுப்பு யாருடையது?

'ஒருவர் செய்த பிழைக்கு அணி முழுமையும் ஏன் ஒறுக்கப்பட வேண்டும்?' என்பதே பிரிப்பினரின் வினா. இவ்வினா சிலப்பதிகாரத்தில் பழையது. பொய் கூறியவன் பொற்கொல்லன். ஆயினும் பழியைத் தன்மேல் ஏற்று உயிர் நீத்தவன் பாண்டியன். தன் கீழ் நிகழ்ந்த கேட்டிற்குத் தலைமையே பொறுப்பு என்பது காப்பியத்தின் துணிபு. அணியின் உரிமையாளரைப் பொறுப்பாக்கிய குழுவின் முடிவும் இக்கருத்தினின்று வேறுபட்டதன்று. ஆயின் மதுரை எரிந்தபோது துன்புற்றோர் அரண்மனையார் மட்டும் அல்லர். நகர மாந்தர் செய்த பிழை யாது? ஈராண்டு அணியின்றி நின்ற ஆர்வலர் நிலையும் அன்னதே. இருவர் துன்பமும் உண்மையே. ஆயினும் அது தீர்ப்பைப் பொய்யாக்காது.

பிற நாட்டு ஒப்புமை

2006ஆம் ஆண்டு இத்தாலியக் கால்பந்தாட்டத்தில் நடுவர் அமர்த்தத்தில் தலையிட்ட குற்றத்திற்காக யுவெந்தசு அணி இரண்டாம் நிலைத் தொடருக்குத் தள்ளப்பட்டது. 2005, 2006 ஆண்டுகளின் பட்டங்களையும் இழந்தது. தெல் பியேரோ, பூபோன் முதலிய ஆட்டக்காரர் அணியை விட்டு நீங்காது உடன் நின்றனர். அணி 2007இல் முதல்நிலைக்கு மீண்டது. 2012இல் அது மீண்டும் பட்டம் வென்றபோது அதிகாரமுறைக் கணக்கு 28. ஆனால் அணியும் ஆர்வலரும், களத்தில் வென்றவை 30 என்று கொண்டாடினர். தீர்ப்பு ஒரு கணக்கு வைத்தது. அன்பு வேறொரு கணக்கு வைத்தது. சென்னைக்கு இழக்கப் பட்டம் இல்லை. ஆதலின் இங்குப் போராட்டம் எண்ணில் நிகழாது சொல்லில் நிகழ்ந்தது.

அச்சொல் 'வனவாசம்' என்பதாம். விலக்கப்பட்ட ஈராண்டைப் பலரும் இப்பெயரால் குறிக்கக் கேட்டுள்ளோம். வனம் புகுந்த இராமன் தன் பிழையால் புகுந்தானல்லன். ஆகவே இச்சொல்லை ஆண்ட அளவிலேயே தீர்ப்பு மறைந்துவிடுகின்றது, தண்டனை தியாகமாகின்றது. 2018 ஏப்பிரல் 10 அன்று சேப்பாக்கத்தில் அணி மீண்டும் ஆடியது. காவிரிப் போராட்டத்தின் காரணமாக எஞ்சிய ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டபோது, ஆர்வலர் தனி இரயிலில் அங்குச் சென்றனர். மே 27 அன்று அணி பட்டம் வென்றது. அத்துடன் வனவாசக் கதை முடிசூட்டு விழாவோடு நிறைவெய்திற்று. 2013ஆம் ஆண்டின் வினாவோ விடையின்றியே நின்றது.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், ஆர்வலர் அன்பை விட்டிலர், அறத்தையும் முற்ற விட்டிலர், இரண்டும் மோதாதவாறு சொல்லை மாற்றிக்கொண்டனர் என்பது பெறப்படும். அன்பு குற்றமன்று. சூதினை ஓர் அதிகாரத்தால் கடிந்த வள்ளுவர் நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். நடுவுநிலைமை பகைவரிடத்து எளிது, நட்டாரிடத்தே அரிது. தம் அணியை நேசித்துக்கொண்டே, 'எம்மவர் பிழைத்தனர்' என்று கூறும் ஆர்வலனே பனையடியில் நின்று கண்ட புலவரின் வழிவந்தவன். ஏரிக்கரையில் அன்று யாம் கூறாது விட்ட சொல்லும் அதுவே.

சேலம், நாமக்கல் வட்டாரத்து ஊர்ப்போட்டிகளின் வழக்காறுகளும், அவற்றில் எழுந்த பூசல்களும், அவை தீர்க்கப்பெற்ற முறைகளும் இதுகாறும் தொகுக்கப்பெறவில்லை. அறிந்தோர் இன்னும் உளர். முதுநிலை மாணவர் அவர்கள் வாய்மொழியைத் தொகுப்பாராயின், வென்றோர் வரலாற்றோடு கண்டோர் வரலாறும் தமிழுக்குக் கிடைக்கும்.